துக்கத்தின் பேச்சு வழக்கு

ஒருவன் தன் துக்கத்தை எவ்வளவு சொல்கிறானோ அவ்வளவை மட்டும் கேட்டுக்கொண்டால் நம் கடமை தீர்ந்துவிடுகிறதா? அவன் சொல்லாமல் விட்டதற்கும் நமக்குப் பொறுப்பு உண்டா? இந்தக் கேள்வி எனக்குத் தத்துவப் புத்தகம் எதிலிருந்தும் வரவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது.

பிழைப்பின் நிமித்தம் சில வருஷங்கள் ஹாங்காங்கில் இருந்தேன். அங்கே பேசப்படும் காண்டனீஸைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, காதில் விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வந்தேன். காய்கறி, பஸ், வாடகை என்று பக்கத்துக்கு ஒரு தலைப்பு. ஒரு பக்கத்துக்குத் ‘துக்கம்’ என்று தலைப்பு. மற்ற பக்கங்கள் நிரம்பின. இது நிரம்பவில்லை. பாஷையின் வறுமைதான் காரணம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் இருந்த தவறு பாஷை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அங்கே பாஷை இருக்கும் நிலையைச் சொல்லவேண்டும். ஹாங்காங்கின் சுமார் 75 லட்சம் ஜனங்களில் ஏறக்குறையப் பத்துக்கு ஒன்பது பேர் பேசுவது காண்டனீஸ். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவர்கள் எழுதப் பழகுவது மாண்டரினை அடிப்படையாகக் கொண்ட பொதுச் சீன நடை. அதைக் காண்டனீஸ் உச்சரிப்பில் வாசிக்கிறார்கள். வாசிக்கிற மாதிரி யாரும் பேசுவதில்லை. செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையில் வளர்ந்த நமக்கு இதை விஸ்தாரமாக விளக்கவேண்டியதில்லை. ஒரு உதாரணம் போதும். அழுவதற்கு எழுத்தில் ‘ஹுக்’. வாயில் ‘ஹாம்’. இந்த ‘ஹாம்’ என்பதற்கு உரிய எழுத்தை மாண்டரினில் வாசித்தால் கத்துவது, கூவுவது என்று அர்த்தம். வடக்கே கூவுகிற எழுத்து தெற்கே வந்து அழுகிறது. பாட்டில் வருகிற காதலி ‘ஹுக்’ என்று அழுகிறாள். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்குகிற பெண் ‘ஹாம்’ என்று அழுகிறாள்.

பாட்டுகளைப் பற்றி இன்னும் ஒன்று. 1974இல் மைக்கேல் ஹுய் இயக்கிய சூதாட்டக்காரர்கள் பற்றிய நகைச்சுவைப் படத்துக்கு அவர் தம்பி ஸாம் ஹுய் பாடினார். தெருவில் பேசுகிற காண்டனீஸ் சினிமாப் பாட்டில் ஏறிப் பெரிய செல்வாக்குப் பெற்றது அப்போதுதான். 1976இல் அதே சகோதரர்களின் இன்னொரு படத்தில், முதலாளியிடம் மாடாக உழைத்துச் சாகிற சம்பளக்காரனின் புலம்பல் ஒரு பாட்டாக வந்தது. அதுவும் பேச்சு வழக்கில்தான். கேட்டால் சிரிப்பு வரும். அதே காலத்திலும் பின்னாலும் வந்த காதல் சோகப் பாட்டுகளோ பெரும்பாலும் எழுத்து நடையிலேயே வந்தன. கேலிக்கும் வயிற்றெரிச்சலுக்கும் பேச்சு. சோகத்துக்கு எழுத்து என்று ஒரு வேலைப் பிரிவினை ஏற்பட்டுவிட்டது. துக்கம் கௌரவமான விஷயம், அதற்கு வெளுத்த வேட்டி கட்டிவிடவேண்டும் என்கிற எண்ணம் எல்லா பாஷைகளிலும் இருக்கிறது போலும்.

இனி என் நோட்டுப் புத்தகம். முதல் சொல் ‘ம் ஹொய் ஸம்’. ‘ஸம்’ என்றால் இதயம், மனம் இரண்டும். ‘ஹொய்’ என்றால் திறப்பது. மனம் திறந்திருப்பது சந்தோஷம். ‘ம்’ இல்லை என்பதைக் குறிக்கும். ஆகவே ‘மனம் திறக்கவில்லை’ என்றால் வருத்தமாக இருக்கிறேன் என்று பொருள். அன்றாடப் பேச்சில் வருத்தத்துக்கு மிக அதிகமாகப் புழங்குகிற சொல் இதுதான். இதில் எனக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின. தமிழில் மனம் திறப்பது என்றால் மறைக்காமல் பேசுவது, அங்கே சந்தோஷப்படுவது. நமக்கு மூடிய மனம் ரகசியம். அவர்களுக்கு மூடிய மனமே துக்கம். இரண்டாவது, துக்கத்துக்கு என்று ஒரு சொல் இல்லாமல், சந்தோஷத்தை மறுத்து அதைச் சொல்லவேண்டி இருக்கிறதே என்பது. இல்லாத ஒன்றை வைத்து இருக்கிற ஒன்றைச் சொல்வது ஏழையின் கணக்காக எனக்குப் பட்டது. என் தாயார் ஆயுள் முழுக்க ‘மனசு சரியில்லை’ என்று மட்டுமே சொல்லிவந்தவள் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. துயரம், வேதனை, விரக்தி போன்ற சொற்களை அவள் வாயால் நான் கேட்டதில்லை. அவளுடைய துக்கத்தை ஏழையின் கணக்கு என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

மற்ற சொற்கள் வருமாறு. ‘ஃபுய்’ என்றால் சாம்பல். ‘ரொம்ப ஃபுய்’ என்றால் ஊக்கமெல்லாம் அவிந்துபோய் உட்கார்ந்திருக்கிற நிலை. ‘ஸம் ஸ்யூன்’ என்றால் மனம் புளித்துப்போவது. பிறர் கஷ்டத்தைப் பார்க்கும்போதும் அது புளிக்கும். ‘ஸம் டாம்’ என்றால் மனம் உப்பில்லாமல் சப்பென்று ஆவது. நம்பின ஆள் திரும்பத் திரும்பக் கைவிட்ட பிறகு கோபமும் வராமல் போகுமே, அது. ‘டியூ ஹெய் ம் ஸொன்’ என்றால் மூச்சு நேராக ஓடவில்லை என்று அர்த்தம். மனத்தாங்கலைச் சொல்லப் பயன்படுவது. கயிறு, ஆறு, தெரு, மீன் என்று நீளமானவற்றை எண்ணப் பயன்படுகிற சொல்லால் இங்கே மூச்சையும் குறிப்பிடுகிறார்கள். ‘மோ ஸம் கெய்’ என்றால் எதிலும் மனம் செல்லவில்லை. ‘பய் அய்’ என்றால் கவலையும் வாட்டமும் சேர்ந்து அடைத்துக்கொண்ட நிலை. இதில் வருகிற ‘அய்’ மழைக்கு முன்னால் காற்று நின்றுபோய் மூச்சு முட்டுகிற வானிலைக்கும் உரிய சொல். இந்த ஒரு சொல்லை மட்டும் நான் விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டேன். புழுக்கம், மனப்புழுக்கம் என்று நாமும் அதே ஆகாயத்தின் கீழ்தானே சொல்கிறோம்.

இவற்றில் எதுவும் மனநிலையின் பெயர் அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். சாம்பல், புளிப்பு, உப்பின்மை, மூச்சு, புழுக்கம் எல்லாம் அடுப்படியிலும் நெஞ்சிலும் வானத்திலும் நடக்கிற விஷயங்கள். எழுத்துக்குப் போனால் நிலைமை மாறுகிறது. வருத்தத்துக்கான ‘ஸவ்’ என்ற எழுத்தில் மேலே இலையுதிர் காலம், கீழே இதயம். மேல் பாதி ஒலியைக் குறிக்கத்தான் இருக்கிறது என்று பண்டிதர்கள் சொல்வார்கள். இருந்தாலும், இதயத்தின் தலைமேல் இலையுதிர் காலம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மயங்காத கவிஞன் கிடையாது. அந்த மயக்கம் கண்ணுக்கு உரியது. மீன் கடையில் நின்று பேசுகிறவளுக்கு இலையுதிர் காலம் தெரிவதில்லை. அவள் மூச்சு ஓடவில்லை என்கிறாள்.

இப்படி உடம்பை வைத்துச் சொல்வதைக் குறை என்று கருதும் ஒரு பார்வை உண்டு. ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனோதத்துவ மருத்துவர் 1980இல் ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில் ஓர் ஆய்வு செய்தார். நரம்புத் தளர்ச்சி என்று தீர்மானிக்கப்பட்ட 100 பேரைப் பரிசோதித்ததில், 87 பேருக்கு அமெரிக்க அளவுகோலின்படி கடுமையான மனச்சோர்வு நோய் இருந்ததாகக் கண்டார். அவர்கள் வைத்தியரிடம் முறையிட்டதோ தலைவலி, தூக்கமின்மை, தலைச்சுற்றல். அவர்கள் ஹூனான்காரர்கள், காண்டனீஸ் பேசுகிறவர்கள் அல்ல; என்றாலும் முறையீட்டின் ஜாதி ஒன்றுதான். இதிலிருந்து, சீனர்கள் மனத்தின் வலியை உடம்பின் வலியாக மாற்றிவிடுகிறார்கள், தங்கள் துக்கத்தைத் தாங்களே அறியாதவர்கள் என்று சிலர் முடிவு கட்டினார்கள். கிளைன்மன் அப்படி எளிதாக முடித்துவிடவில்லை. கலாசாரப் புரட்சியின் வருஷங்களைத் தாண்டி வந்த மனிதர்கள் அவர்கள். மனம் கசந்துபோயிற்று என்று சொல்வதே அரசியல் குற்றமாகக்கூடிய இடத்தில் தலைவலிக்கு மட்டும்தான் வாய் திறக்க அனுமதி இருந்தது என்பதை அவர் கண்டுகொண்டார். பின்னால் வந்த ஆய்வுகளும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் இதே நோயாளிகள் மனத்தைப் பற்றியும் பேசுகிறார்கள் என்றே சொல்கின்றன. அறியாமல் இல்லை, யாரிடம் எதைச் சொல்வது என்று அறிந்து சொல்கிறார்கள். ஆக, பிரச்னை சொல்கிறவனிடமிருந்து கேட்கிறவனுக்கு நகர்கிறது. நோட்டுப் புத்தகத்தில் நான் பார்க்கத் தவறியதும் இதுதான்.

காண்டனீஸில் ஆறு ஸ்தாயிகள். ‘ஸி’ என்ற ஒரே அசையை ஆறு விதமாக உச்சரித்தால் கவிதை, சரித்திரம், சோதனை, காலம், சந்தை, விஷயம் என்று ஆறு சொற்கள் கிடைக்கும். குரலின் ஏற்ற இறக்கம் சொல்லின் அர்த்தத்துக்கே செலவாகிவிடுகிறது. தமிழில் ‘சரி’ என்ற சொல்லைக் குரலை மாற்றி மாற்றிப் பத்து விதமாகச் சொல்லலாம், பத்து உணர்ச்சி. அங்கே அந்தச் சுதந்திரம் குறைவு. உணர்ச்சிக்கு வேறு இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடம் வாக்கியத்தின் வால். வாக்கியம் முடிந்த பிறகு ‘லோ’, ‘ஜே’, ‘வோ’, ‘லா’, ‘கா’ என்று ஒரு சின்ன ஒலி வந்து ஒட்டிக்கொள்கிறது. இலக்கண ஆசிரியர்கள் இப்படி முப்பதுக்குக் குறையாமல் எண்ணியிருக்கிறார்கள். அகராதியில் இவற்றுக்கு அர்த்தம் தேடினால் கிடைக்காது. நம் ‘தான்’, ‘ஆம்’, ‘ஏ’, ‘போ’ இவற்றுக்குக் கிடைக்கிற அளவுதான் கிடைக்கும்.

மனம் திறக்கவில்லை என்ற அதே வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பின்னால் ‘ஜே’ போட்டால், ‘கொஞ்சம் மனசு சரியில்லை, அவ்வளவுதான்’ என்றாகிறது. நீ ஒன்றும் செய்யவேண்டாம், உன் வேலையைப் பார் என்று கேட்பவனை விடுவிக்கிற ஒலி அது. ‘லோ’ போட்டால், ‘வேறென்ன, மனசு சரியில்லை, உனக்கே தெரியுமே’ என்றாகும். காரணம் நம் இருவருக்கும் முன்னால் கிடக்கிறது, நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை என்று கேட்பவனையும் உள்ளே இழுத்துக்கொள்வது ‘லோ’. கீழிருந்து எழும்புகிற ஸ்தாயியில் ‘வோ’ போட்டால் அது மூன்றாம் மனிதனின் துக்கமாகிவிடுகிறது. ‘அவனுக்கு மனசு சரியில்லையாம்.’ நம் ‘ஆம்’ அப்படியே. சொன்னது அவன், நான் கொண்டுவந்தது மட்டும்தான், உண்மையா பொய்யா என்பதற்கு நான் ஜவாப்தாரி இல்லை.

மூன்று வால்களும் மூன்று தார்மிக நிலைகள் என்று எனக்குத் தோன்றுகிறது. துக்கத்தின் சொல் மாறவில்லை. அதை யார் சுமப்பது என்பது மாறுகிறது. ‘ஜே’ என்றால் நானே சுமக்கிறேன். ‘லோ’ என்றால் நீயும் ஒரு பக்கம் பிடித்திருக்கிறாய். ‘வோ’ என்றால் யாரும் சுமக்கவில்லை, கீழே கிடக்கிறது. இதைக் கண்டுகொள்ளாமல் நான் பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வால்கள் ஒவ்வொரு நாளும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தன. அவற்றை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதென்று தெரியாததால் எழுதவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபத்தைச் சந்திக்கவேண்டும். சொல்லாமல் விடுவதை இப்படிக் கொண்டாடுவது, பயத்தைப் பண்பாடு என்று அழைப்பதாகாதா? காண்டனீஸ்காரர்களுக்கு அமங்கலச் சொற்களிடம் உள்ள பயம் பிரசித்தம். காலி வீடு என்று சொல்லமாட்டார்கள். காலி என்பதற்கான ‘ஹுங்’ என்ற ஒலி கேடு என்பதற்கும் உரியது என்பதால், வாடகைக்குக் காலியாக இருக்கிற வீட்டை ‘மங்கள வீடு’ என்று எழுதித் தொங்கவிடுவார்கள். பஞ்சாங்கத்துக்கு உரிய பெயரில் புத்தகம் என்ற சொல் வருகிறது. அதன் ஒலி தோற்பது என்பதன் ஒலியோடு ஒன்றுவதால் புத்தகத்தை எடுத்துவிட்டு ஜெயம் என்று வைத்தார்கள். பாகற்காய்க்கு எழுத்தில் கசப்புக் காய், ‘ஃபூ க்வா’. கடையில் குளிர்ச்சிக் காய், ‘லொங் க்வா’. கசப்பு என்ற சொல்லைக்கூட வாயில் வைக்கப் பயப்படுகிறவர்கள் துக்கத்தை எங்கே சொல்லப்போகிறார்கள் என்று கேட்கலாம்.

கேட்கலாம்தான். ஆனால் பெயர் மாறியதால் காய் இனித்துவிடவில்லை. அவர்கள் அதை விரும்பித் தின்கிறார்கள், கசப்புக்காகவே தின்கிறார்கள். கசப்பை மறுக்கிறவன் காயையே வாங்கமாட்டான். சொல்லைத் தவிர்த்துவிட்டுப் பொருளை ஏற்றுக்கொள்வது ஒன்று. சொல்லை உரக்கச் சொல்லிவிட்டுப் பொருளைத் தொடாமல் இருப்பது இன்னொன்று. இரண்டாவதில் எழுத்தாளர்களாகிய நாம் கைதேர்ந்தவர்கள். ஹாங்காங் கவிஞர் லியுங் பிங்-க்வான் (1949–2013) பாகற்காயைப் பாடி ஒரு கவிதை எழுதினார். தலைப்பில் கடைக்காரரின் குளிர்ச்சிக் காய் இல்லை. கசப்புக் காய்தான் இருக்கிறது. வாய் தவிர்த்ததை எழுத்து சொல்லிவிட்டது. ஆனால் சாமானியனின் தட்டில் தினமும் இருக்கிற காயைப் பற்றி அதைச் சொன்னார் என்பது முக்கியம். கசப்பு என்ற கருத்தைப் பற்றி அவர் ஒரு கவிதை எழுதியிருந்தால் அது நமக்கு எதற்கு?

இப்போது நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கிற விஷயத்துக்கு வரவேண்டும்.

என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், என் நோட்டுப் புத்தகத்தின் ஆசான். மத்தியானங்களில் ‘சா சான் டெங்’ என்று சொல்லப்படுகிற டீக்கடையில் கெட்டிப் பால் டீயை முன்னால் வைத்துக்கொண்டு சொற்களுக்கு விளக்கம் சொல்வார். நான் தப்பான ஸ்தாயியில் உச்சரித்து ஏதாவது அசிங்கம் ஆகிவிட்டால் கடை முழுக்கக் கேட்கும்படி சிரிப்பார். ஒரு நாள் சாயங்காலம் ஹுங் ஹாம் பகுதியில் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சராய். கையில் சின்ன வெள்ளை உறை. அதைக் கிழித்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உறையைக் கசக்கிப் பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். நான் போய், இந்த வயதில் மிட்டாயா என்று எனக்குத் தெரிந்த காண்டனீஸில் பரிகாசம் செய்தேன். அவர் சிரித்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ‘ஹய் கம் லோ’ என்றார். இப்படித்தான், லோ. பஸ் வரவில்லை. அன்று காலை கேள்விப்பட்ட ‘ஸம் டாம்’ என்பதற்குச் சரியான அர்த்தம் என்ன என்று கேட்டேன். மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, உப்புப் போடாத கஞ்சியை உதாரணம் காட்டிப் பொறுமையாக விளக்கினார். பஸ் வந்தது. போய்விட்டார்.

நாலைந்து மாதம் கழித்து, கூட வேலை செய்த இன்னொருவரின் தகப்பனார் காலமாகி, நான் ஹுங் ஹாமில் உள்ள ஈமச் சடங்கு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் என் கையிலும் ஒரு வெள்ளை உறையைக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு மிட்டாய், ஒரு நாணயம், ஒரு காகிதக் கைக்குட்டை. அதன் பெயரிலும் மங்களம் இருக்கிறது. மிட்டாயை வீடு போய்ச் சேர்வதற்குள் தின்றுவிடவேண்டும், நாணயத்தைச் செலவழித்துவிடவேண்டும், உறையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அழுதால் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை. கசந்த வாய்க்கு மிட்டாய். ஒரு சமூகம் துக்கத்தைப் பற்றி யோசித்து வைத்ததெல்லாம் அந்த உறையில் மடித்துப் போடப்பட்டிருந்தது. எனக்கு அந்த பஸ் நிறுத்தம் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் அவரிடம் கேட்டேன். சிறு பிராயம் முதல் கூடவே இருந்த சிநேகிதன், ஒரே மாடிப்படியில் வளர்ந்தவர்கள். ‘ஜவ் ஜோ லோ’ என்றார். போய்விட்டான், லோ. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்தார். ‘அன்றைக்கே சொன்னேனே’ என்றார்.

அவர் சொல்லியிருந்தார். கறுப்புச் சட்டையும், ஹுங் ஹாமும், வெள்ளை உறையும், மிட்டாயும், கடைசியில் அந்த ‘லோ’வும் சேர்ந்து அவருடைய வாக்கியம் பூர்த்தியாகி இருந்தது. உனக்கே தெரியுமே என்றுதான் அவர் சொன்னார். எனக்குத் தெரியவில்லை. அதைவிட மோசம், அந்த நேரத்தில் நான் அவரிடமே துக்கத்துக்கு ஒரு சொல் கேட்டு வாங்கிக்கொண்டேன். நண்பனை வழியனுப்பிவிட்டு வந்தவர் எனக்காக உப்பில்லாத கஞ்சியை உதாரணம் தேடினார். அந்த உதாரணத்தில் அவருடைய துக்கம் கலந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. கலந்திருந்ததென்று எழுதினால் கட்டுரை இன்னும் அழகாக இருக்கும். தெரியாது.

அறியாமையை மன்னிக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்நிய தேசத்துச் சடங்கு, எப்படித் தெரியும்? வாஸ்தவம். ஆனால் எனக்குத் தெரியாமல் போனது சடங்கு மட்டுமல்ல. துக்கம் என்றால் அது துக்கத்துக்கான சொல்லாகத்தான் வரும் என்று காத்திருந்தேன். பக்கத்துக்கு மேலே தலைப்புப் போட்டுவிட்டுக் கீழே அது வந்து உட்காரும் என்று எதிர்பார்த்தேன். மூஞ்சியைப் பார்க்கவேண்டிய நேரத்தில் வாயைப் பார்த்தேன். இது எந்த தேசத்திலும் நடக்கக்கூடிய தவறு. சொந்த ஊரில், சொந்த பாஷையில், சொந்தத் தாயாரிடம் நான் இதே தவறைச் செய்திருக்கிறேன்.

இதிலிருந்து, சொல்லவே வேண்டாம், கேட்கிறவன் புரிந்துகொள்ளட்டும் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. 2003 ஏப்ரல் 1ஆம் தேதி நடிகரும் பாடகருமான லெஸ்லி சியுங் தற்கொலை செய்துகொண்டார். சார்ஸ் நோயில் நகரமே முகமூடிக்குள் ஒடுங்கியிருந்த நாட்கள். அந்த வருஷம் அந்த நோய்க்கு ஹாங்காங்கில் 299 பேர் பலியானார்கள். அவருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது என்பது மரணத்துக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. ‘யிக் வட் ஜிங்’ என்பது அந்த நோயின் பெயர். அதில் வருகிற ‘வட்’ என்ற எழுத்துக்கு 29 கோடுகள். எழுதப் படித்தவர்களே தடுமாறுகிற எழுத்து. பாட்டிகளின் வாயில் வராத, மருத்துவர்களின் சொல் அது. ஆனாலும் ‘எனக்கு இது இருக்கிறது’ என்று ஒரு மருத்துவரிடம் போய்ச் சொல்ல அந்தச் சொல் யாருக்காவது உதவியிருந்தால், அதன் 29 கோடுகளையும் நான் வணங்குகிறேன். ‘ஹய் கம் லோ’ என்பதைப் புரிந்துகொள்ள ஒருவரும் பக்கத்தில் இல்லாதவனுக்கு, முன்பின் தெரியாதவனுக்கும் புரிகிற ஒரு சொல் வேண்டும். எழுத்து நடையின் நியாயம் அங்கேதான் இருக்கிறது. வெளுத்த வேட்டி என்று நான் முன்னால் கேலி செய்ததை இந்த அளவுக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே என் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான். துக்கத்தைச் சொல்கிற பொறுப்பு துக்கப்படுகிறவன் தலையில் மட்டும் இல்லை. பேச்சு பாஷை அதைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. அவன் பாதியை அவன் சொல்லிவிடுகிறான். சாம்பல் என்கிறான், புழுக்கம் என்கிறான், ஒன்றுமில்லை என்கிறான். மீதிப் பாதியை வால் நம் கையில் தருகிறது. நாம் வாங்கிக்கொள்ளாவிட்டால் அது சொல்லப்படாத துக்கம் ஆகிவிடுவதில்லை. சொல்லப்பட்டும் கேட்கப்படாத துக்கம் ஆகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முன்னதற்கு அவன் காரணம். பின்னதற்கு நாம்.

நம் கவிதைகளில் இப்போது துயரம், வெறுமை, தனிமை என்ற சொற்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. நானும் எழுதியிருக்கிறேன். அவை பொய் என்று சொல்லமாட்டேன். எழுதுகிறவனின் பாதியை மட்டும் பெருக்கிப் பெருக்கி முழுசாக்கப் பார்க்கிறோமோ என்றுதான் சந்தேகம். வாசகனுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு முனைகூட மிஞ்சுவதில்லை. ‘லோ’ போட நமக்குத் துணிவு வரவில்லை. எதிரில் இருப்பவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்ப ஒரு துணிவு வேண்டியிருக்கிறது. அந்தப் பெரியவர் என்னை அப்படி நம்பினார். தப்பான ஆளை நம்பினார் என்பது வேறு விஷயம்.

இந்தக் கட்டுரையும் ஒரு விதத்தில் ‘வோ’தான். அவருக்கு மனசு சரியில்லையாம் என்று நான் உங்களிடம் வந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுவும் வருஷங்கள் கழித்து, அவர் வாசிக்க முடியாத ஒரு பாஷையில். நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பாதி காலியாகவே கிடக்கிறது. அதை நிரப்பும் உத்தேசம் எனக்கு இல்லை.